முதலாண்டு நட்சத்திரமும் மூத்த வீரரும்: அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் அணி சேர்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் ஆண்கள் ஆட்டம் 40 நிமிடம். களத்தில் ஒரே நேரத்தில் ஐந்து பேர். பயிற்சியாளர் ஓர் ஆட்டத்தில் பங்கிடக்கூடியது ஆக மொத்தம் 200 நிமிடம். அணி சேர்ப்பில் நடக்கும் தவறுகளில் பாதிக்கு மேல் இந்த 200 என்ற எண்ணை மறப்பதில்தான் தொடங்குகின்றன. எத்தனை நட்சத்திரங்களை அழைத்து வந்தாலும், எத்தனை சீனியர்களை (நான்காமாண்டு, மூத்த வீரர்களை) தக்கவைத்தாலும், அந்த 200 கூடப்போவதில்லை.

சிக்கலின் வேர் 2005-இல் இருக்கிறது. அந்த ஆண்டு என்.பி.ஏ. (அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்) நிர்வாகமும் வீரர் சங்கமும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி, 2006 டிராஃப்ட் (என்.பி.ஏ. அணிகள் புதிய வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) முதல் ஓர் அமெரிக்க வீரர் தேர்வாக வேண்டுமானால் அந்த ஆண்டுக்குள் 19 வயது நிறைந்திருக்க வேண்டும். பள்ளிப்படிப்பு முடிந்து ஓராண்டாவது ஆகியிருக்க வேண்டும். அதற்கு முன் பள்ளியிலிருந்து நேரே தொழில்முறை ஆட்டத்துக்குப் போனவர்கள் இப்போது ஒரே ஓர் ஆண்டு கல்லூரியில் ஆடிவிட்டுக் கிளம்புகிறார்கள். 'ஒன் அண்ட் டன்' என்று இதற்குப் பெயர்.

மறுபக்கம் மூத்த வீரர்களின் சந்தையும் மாறிவிட்டது. 2018 அக்டோபரில், கல்லூரி மாற விரும்புபவர்கள் பெயர் பதியும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வந்தது. 2021-இல், முதல் முறை கல்லூரி மாறுபவர் ஓராண்டு வெளியே உட்கார வேண்டும் என்ற கட்டுப்பாடு போனது. 2024-இல் எத்தனை முறை மாறினாலும் உட்கார வேண்டியதில்லை என்றானது. 2021 ஜூலை முதல் வீரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம். 2025 ஜூலை முதல் கல்லூரியே நேரடியாகப் பணம் கொடுக்கலாம். கொரோனாக் காலத்து 2020-21 பருவம் யாருடைய கணக்கிலும் சேராததால், சிலர் 23, 24 வயதிலும் கல்லூரிக்கு ஆடினார்கள். நேற்றுவரை பள்ளியில் ஆடிய 18 வயதுப் பையன் எதிர்கொள்வது இப்படிப்பட்ட உடம்புகளை.

தரவரிசையைப் பார்த்துச் சேர்ப்பது, நிமிடத்தைப் பார்க்காமல் வாக்குக் கொடுப்பது

வீட்டுக்குப் போய் பெற்றோர் முன்னால் உட்கார்ந்ததும் எந்தப் பயிற்சியாளருக்கும் நாக்கு இளகிவிடும். "உங்கள் மகனுக்கு 30 நிமிடம் உறுதி" என்பது எளிதாக வந்துவிடுகிறது. ஆறு வீடுகளில் இதைச் சொன்னால் 180 ஆயிற்று. பிறகு போர்ட்டலில் இருந்து வருகிற இரண்டு சீனியர்களிடம் ஆளுக்கு 28. மொத்தம் 236. ஜனவரிக்குள் அந்த 36 நிமிடம் உடைமாற்று அறையில் முணுமுணுப்பாகத் திரும்பி வரும்.

ஆகவே யாரையும் தொலைபேசியில் அழைப்பதற்கு முன்பே நிமிடப் பட்டியல் ஒன்றைத் தாளில் எழுத வேண்டும். கார்டு (பந்தை நடத்துபவர்), விங் (பக்கவாட்டில் ஆடுபவர்), ஃபார்வர்டு (கூடைப்பக்கம் ஆடுபவர்) என்ற வகைகளில் வரும் நான்கு இடங்களுக்கு 160, சென்டருக்கு (கூடையருகே நிற்கும் உயரமான ஆள்) 40. ஒழுங்காக எழுதினால் கிட்டத்தட்ட இப்படி வரும்: அணியில் ஏற்கெனவே இருக்கும் பாயின்ட் கார்டுக்கு 33, நட்சத்திர முதலாண்டு விங்குக்கு 31, வேறு கல்லூரியிலிருந்து வரும் எறியாளருக்கு 29, இரண்டாமாண்டு விங்குக்கு 26, இன்னொரு கார்டுக்கு 22, மாற்று ஃபார்வர்டுக்கு 19. இதோடு 160 முடிந்துவிட்டது. சென்டரில் இரண்டாமாண்டுக்காரருக்கு 24, முதலாண்டுக்காரருக்கு 16. எட்டு பேரிலேயே 200-உம் தீர்ந்துபோகிறது. ஒன்பதாவது, பத்தாவது ஆளுக்கு என்ன சொல்லப்போகிறோம் என்பதை அப்போதே முடிவு செய்துகொள்ள வேண்டும். அவர்களில் ஒருவருக்காவது "இந்த ஆண்டு உனக்கு இடம் இல்லை, அடுத்த ஆண்டு உண்டு" என்று நேராகச் சொல்ல முடியாவிட்டால் அவரைச் சேர்க்காமல் விடுவதே இருவருக்கும் நல்லது.

2014-15 கென்டக்கி பல்கலைக்கழக அணி இந்தக் கணக்கை வேறு வழியில் தீர்க்கப் பார்த்தது. பத்துப் பேரை இரண்டு ஐவர் குழுக்களாகப் பிரித்துப் பருவத்தைத் தொடங்கினார் பயிற்சியாளர் ஜான் கலிபாரி. பின்னாளில் என்.பி.ஏ. நட்சத்திரமான டெவின் புக்கர் அங்கே தொடக்க ஐவரில்கூட இல்லை. 38 ஆட்டம் தொடர்ந்து வென்றார்கள். ஆனால் இதைப் பார்த்து நகலெடுக்க நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அந்த அணியில் முதலாண்டுக்காரர்களோடு முந்தைய ஆண்டு தேசியப் போட்டியின் இறுதியாட்டம் வரை போன இரண்டாமாண்டுக்காரர்களும், மூன்றாமாண்டில் வில்லி காலி-ஸ்டைனும் இருந்தார்கள். எல்லோரும் புதியவர்கள் என்றால் அந்த ஏற்பாடு பருவம் தொடங்கும் நவம்பரையே தாண்டாது.

எந்த இடத்துக்கு இளமை போதும், எந்த இடத்துக்குப் போதாது என்று பிரிக்காமல் விடுவது

இதுதான் எல்லாவற்றிலும் விலை அதிகமான தவறு. முதலாண்டு நட்சத்திரம் வந்த நாளிலிருந்தே சில வேலைகளை நன்றாகச் செய்வார்: ஓட்டத்தில் கூடை போடுவது, ரீபவுண்ட் (தவறிய பந்தைப் பிடிப்பது), பிளாக் (எறிந்த பந்தைத் தட்டிவிடுவது), ஒருவருக்கொருவர் நின்று தாண்டிப் போவது. இவை உடம்பும் திறமையும் சார்ந்தவை. அவருக்கு வராதது பந்தில்லாத நேரத்து டிஃபென்ஸும் (தடுப்பாட்டமும்) பால் ஸ்கிரீன் டிஃபென்ஸும்தான்.

பால் ஸ்கிரீனை மட்டும் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம். எதிரணியின் பாயின்ட் கார்டு பந்தைத் தட்டிக்கொண்டு வருகிறார். அவர்களுடைய பெரிய ஆள் ஒருவர் ஓடிவந்து, நம் கார்டின் வழியில் தூண்போல நிற்கிறார். அந்தப் பெரிய ஆளைக் காக்கும் நம் சென்டருக்கு அடுத்த இரண்டு நொடியில் மூன்று வேலை. ஸ்கிரீன் எந்தப் பக்கம் வருகிறது என்று, அது வந்து சேர்வதற்கு முன்பே, உரக்கக் கூவ வேண்டும். பிறகு அன்றைய திட்டப்படி கூடைப்பக்கம் பின்வாங்கவோ, மேலே ஏறி மறிக்கவோ, ஆள் மாற்றிக்கொள்ளவோ வேண்டும். கார்டு மீண்டு வந்ததும் தன் ஆளிடம் திரும்ப ஓட வேண்டும். பள்ளியில் அந்தப் பையன் எல்லோரையும் விட ஒரு தலை உயரம். அரை நொடி தாமதித்தாலும் எம்பித் தட்டிவிடுவார். கல்லூரியில் அந்த அரை நொடியில் கார்டு நின்று எறிந்துவிடுகிறார், இல்லையென்றால் பந்து தலைக்கு மேலே கூடையருகே போய்விடுகிறது. தாமதமாகக் கை நீட்டியதற்கு ஃபவுல் வேறு. ஐந்து ஃபவுலில் வெளியேற்றம். முதல் பாதியில் இரண்டு விழுந்தாலே பல பயிற்சியாளர்கள் உட்கார வைத்துவிடுவார்கள். அதனால் முதலாண்டு சென்டரை நம்பி 32 நிமிடத் திட்டம் போடாதீர்கள். 20 முதல் 25 நிமிடம் எழுதி, மீதிக்குப் பழகிய ஆள் ஒருவரை வையுங்கள். 2012-இல் கென்டக்கியில் முதலாண்டு ஆடிய ஆண்டனி டேவிஸ் போன்றவர் விதிவிலக்கு. விதிவிலக்கை வைத்துத் திட்டம் போட முடியாது.

டேவிஸைச் சொன்னதால் 2012 தேசிய இறுதியாட்டத்தையும் சொல்லிவிடலாம். கென்டக்கி கான்சஸை 67-59 என வென்றது. டேவிஸ் எறிந்த பத்தில் ஒன்றுதான் விழுந்தது, 6 புள்ளி. ஆனால் 16 ரீபவுண்ட், 6 பிளாக், 5 அசிஸ்ட் (கூடைக்கு வழிசெய்த பாஸ்), 3 ஸ்டீல் (பந்துப் பறிப்பு). அதிகமாக 22 புள்ளி எடுத்தவர் இரண்டாமாண்டு டோரன் லாம்ப். பந்து கையில் இல்லாமலே ஆட்டத்தை ஆளக்கூடிய முதலாண்டுக்காரர் எந்த மூத்த வீரரோடும் பொருந்துவார். பந்து கையில் இருந்தால்தான் பயன்படுவார் என்கிற இருவரை ஒரே ஆண்டில் சேர்ப்பதற்கு முன் பத்து முறை யோசிக்க வேண்டும்.

பாயின்ட் கார்டு இடத்தைப் பற்றி என் கருத்து கறாரானது. அந்த இடத்தை முதலாண்டுக்காரரிடம் கொடுக்கலாம், ஆனால் தனியாகக் கொடுக்கக் கூடாது. 2015-இல் டியூக் தன் பந்தை முதலாண்டு டைஸ் ஜோன்ஸ் கையில் கொடுத்தது. அதுவரை அந்த இடத்தில் ஆடிய சீனியர் க்வின் குக் பக்கத்து இடத்துக்கு நகர்ந்து, கூடவே நின்றார். நெருக்கடியில் பந்தை வாங்கிக்கொள்ள இன்னொரு கை எப்போதும் களத்தில் இருந்தது. இறுதியாட்டத்தில் விஸ்கான்சினை 68-63 என வென்றபோது ஜோன்ஸ் 23 புள்ளி எடுத்தார். வெறும் முதலாண்டு அணி வென்றது என்று பலரும் அதை நினைவு வைத்திருக்கிறார்கள். அந்த அணியின் தலைவர் குக் என்பது விட்டுப்போகிறது.

எறிதலைச் சோதிக்காமல் சேர்ப்பது

2009-10 கென்டக்கியில் ஜான் வால், டிமார்கஸ் கசின்ஸ், எரிக் பிளெட்சோ, டேனியல் ஆர்ட்டன் எல்லோரும் முதலாண்டு. மூன்றாமாண்டு பேட்ரிக் பேட்டர்சனையும் சேர்த்து ஐந்து பேர் 2010 டிராஃப்ட்டின் முதல் சுற்றிலேயே போனார்கள். அப்படிப்பட்ட அணி காலிறுதியில் வெஸ்ட் வர்ஜீனியாவிடம் 73-66 எனத் தோற்றது. வெஸ்ட் வர்ஜீனியா 1-3-1 ஸோன் (ஆளுக்கு ஆள் என்றில்லாமல் இடங்களைக் காக்கும் தடுப்பு) போட்டு உள்ளே வழியை அடைத்தது. கென்டக்கியின் முதல் 20 மும்முனை எறிதல்களில் (தொலைவிலிருந்து மூன்று புள்ளிக்கு எறிவது) ஒன்றுகூட விழவில்லை. முடிவில் 32-க்கு 4. ஃப்ரீ த்ரோவும் (எதிரணியின் ஃபவுலுக்குக் கிடைக்கும் தடையில்லா எறிதல்) 29-க்கு 16-தான். உள்ளே எவ்வளவு பலம் இருந்தாலும், வெளியிலிருந்து போட ஆள் இல்லையென்றால் எதிரணி ஐந்து பேரையும் கூடையைச் சுற்றி நிறுத்திவிடும்.

டியூக்கின் 2018-19 அணிக்கும் இதே கதி. சயான் வில்லியம்சன், ஆர்.ஜே. பாரெட், கேம் ரெடிஷ், டிரே ஜோன்ஸ் என நான்கு முதலாண்டுக்காரர்கள். மும்முனையில் அணியின் சராசரி சுமார் 31 விழுக்காடு. மிச்சிகன் ஸ்டேட்டிடம் 68-67. அங்கே பந்தை நடத்தியவர் மூன்றாமாண்டு கேஷியஸ் வின்ஸ்டன். முடிவை மாற்றிய மும்முனையைப் போட்டவர் சீனியர் கென்னி கோயின்ஸ்.

பள்ளி வீரரின் மும்முனை விழுக்காட்டைப் பார்த்து ஏமாற வேண்டாம். அது சின்ன எண்ணிக்கை, தூரமும் குறைவு. பள்ளியில் கோடு 19 அடி 9 அங்குலம், கல்லூரி ஆண்கள் ஆட்டத்தில் 2019-20 முதல் 22 அடி 1¾ அங்குலம். அதை விட நம்பத்தக்கது ஃப்ரீ த்ரோ. 75 விழுக்காட்டுக்கு மேல் போடுபவரின் கை நேரானது; எறிதல் பின்னால் வந்து சேரும். 60-ஐத் தாண்டாதவர் "இந்தக் கோடையில் கற்றுக்கொள்வேன்" என்றால் அந்த ஆண்டுக்கு அதை நம்பித் திட்டம் போடாதீர்கள். தாண்டிப் போகிற நட்சத்திரம் ஒருவர் என்றால், அவரைச் சுற்றி முந்தைய பருவத்தில் 100-க்கும் மேற்பட்ட மும்முனைகளை எறிந்து 36 விழுக்காடாவது போட்ட மூத்தவர்கள் இருவர் வேண்டும். ஒருவர் போதாது. அவருக்கு ஃபவுல் விழுந்தாலோ கணுக்கால் பிசகினாலோ வழி அடைபட்டுவிடும்.

வயதை அனுபவம் என்று எண்ணுவது

நான்காமாண்டு என்று பட்டியலில் இருப்பவர் மூன்று ஆண்டுகள் பெஞ்சில் இருந்திருக்கலாம். அனுபவத்தை ஆடிய நிமிடத்தில் அளக்க வேண்டும். 35 ஆட்டம் கொண்ட பருவம் என்றால் 200 × 35 = 7,000 நிமிடம். போன ஆண்டு அதில் எவ்வளவை இப்போது திரும்பி வருகிறவர்கள் ஆடினார்கள் என்று கூட்டுங்கள். 2,800 என்றால் 40 விழுக்காடு. போர்ட்டலில் வருகிறவர்களின் நிமிடத்தைத் தனியே இன்னொரு வரியில் எழுதுங்கள், இதோடு கலக்காதீர்கள். அவர்களுக்குக் கல்லூரி ஆட்டம் தெரியும். உங்கள் திட்டமும் உங்கள் ஆட்களும் தெரியாது.

டியூக்கும் ஹூஸ்டனும் மோதிய 2025 தேசிய அரையிறுதியைப் பலரும் 'இளையவர்கள் பதறினார்கள், மூத்தவர்கள் வென்றார்கள்' என்று சுருக்கிவிட்டார்கள். கடைசி 35 நொடியைத் திரும்பப் பாருங்கள். டியூக் 67-61 என முன்னிலை. ஹூஸ்டனின் இமானுவேல் ஷார்ப் ஒரு மும்முனை போட்டார்: 67-64. பந்தை உள்ளே எறிய வந்த சயான் ஜேம்ஸின் பாஸ் பறிபோனது. ஹூஸ்டன் எறிந்தது தவற, ஜோசஃப் டக்லர் மேலேறி அதை உள்ளே அடித்தார்: 67-66. டைரீஸ் ப்ராக்டர் ஃப்ரீ த்ரோவைத் தவறவிட்டார். அந்த ரீபவுண்டில் டியூக்கின் முதலாண்டு நட்சத்திரம் கூப்பர் ஃபிளாக் மீது ஃபவுல் விழுந்தது. ஹூஸ்டனின் ஜே'வான் ராபர்ட்ஸ் இரண்டு ஃப்ரீ த்ரோவையும் போட்டு 68-67 ஆக்கினார். ஃபிளாக்கின் கடைசி எறிதல் ராபர்ட்ஸ் தலைக்கு மேலே போய் வளையத்தின் முன்பகுதியிலேயே நின்றது. முடிவு 70-67.

இதில் பந்தை இழந்த ஜேம்ஸ், டூலேனில் பல ஆண்டுகள் ஆடிவிட்டு வந்தவர். ஃப்ரீ த்ரோ தவறவிட்ட ப்ராக்டர் மூன்றாமாண்டு. தவறு முதலாண்டுக்காரர்களிடம் மட்டும் இல்லை. எதிரே நின்ற ராபர்ட்ஸோ தன் கல்லூரி வாழ்க்கை முழுவதையும் ஹூஸ்டனிலேயே கழித்தவர். அந்த நெருக்கடி டிஃபென்ஸை அதே பயிற்சியாளரிடம், அதே சொற்களில் ஆண்டுக்கணக்கில் பழகியவர். அந்த 35 நொடிக்கு வேண்டியது சேர்ந்து ஆடிய நாட்கள். ஆள் சேர்க்கும்போது அதைத் தேடிப் போக முடியாது; இருப்பவர்களைத் தக்கவைத்துத்தான் பெற முடியும்.

நடு வரிசையை விட்டுவிடுவது

மேலே இரண்டு நட்சத்திரம், கீழே இரண்டு சீனியர், நடுவில் ஒன்றுமில்லை. இந்த அமைப்புதான் அடுத்த ஏப்ரலில் அணியைக் காலியாக்குகிறது. நட்சத்திரங்கள் டிராஃப்ட்டுக்குப் போவார்கள், சீனியர்கள் படிப்பு முடித்துப் போவார்கள்.

கனெக்டிகட் 2023, 2024 இரண்டு ஆண்டும் கோப்பை வென்றது எப்படி என்று பாருங்கள். 2023-இல் டோனவன் கிளிங்கன் முதலாண்டு. அடாமா சனோகோவுக்கு மாற்று ஆளாக இறங்கினார். சனோகோ போனதும் 2024-இல் அந்த இடம் கிளிங்கனுக்கு. அலெக்ஸ் கராபன் இரண்டு ஆண்டும் தொடக்க ஐவரில் இருந்தார். கிழக்கு கரோலினாவிலிருந்து வந்த டிரிஸ்டன் நியூட்டனும் இரண்டு ஆண்டும் இருந்தார். 2024-இல் வெளியிலிருந்து சேர்த்த முக்கியமான இருவர், மூத்த எறியாளர் கேம் ஸ்பென்சரும் முதலாண்டு ஸ்டீபன் காசிலும். காசில் அந்த ஆண்டே டிராஃப்ட்டில் நான்காவதாகப் போனார். ஆனால் அவர் தோளில் அணி நிற்கவில்லை. டிஃபென்ஸும் விரைவும் கேட்டார்கள், கொடுத்தார். நட்சத்திர முதலாண்டுக்காரரை ஐந்தாவது செங்கல்லாக வைத்ததுதான் அந்த அணியின் அழகு.

அந்த இறுதியாட்டத்தில் எதிரே நின்ற பர்டியூவின் சாக் ஈடியும் முதலாண்டில் சுமார் 15 நிமிடமே ஆடியவர். பிறகு இரண்டு முறை நாட்டின் சிறந்த கல்லூரி வீரர். இப்படி ஒருவரை வளர்த்தெடுக்க, முதலாண்டில் குறைந்த நிமிடம் ஆடினாலும் இரண்டாமாண்டு ஓடிப்போகாத உறவு வேண்டும். அதனால் 15 பேர் கொண்ட பட்டியலில் மூன்று அல்லது நான்கு இடமாவது பள்ளி வீரர்களின் தேசியத் தரவரிசையில் 75-க்கும் கீழே உள்ள, ஆனால் மூன்று ஆண்டு தங்கக்கூடிய பையன்களுக்கு ஒதுக்கி வையுங்கள். அவர்களின் இரண்டாமாண்டுத் திட்டத்தை முதலாண்டு மார்ச் முடிவதற்குள் எழுத்தில் கொடுத்துவிட வேண்டும். போர்ட்டல் திறந்த பிறகு பேசப் போனால், வேறு யாரோ முந்திக்கொண்டிருப்பார்கள்.

போர்ட்டலில் புள்ளியை மட்டும் பார்ப்பது

சின்ன லீக்கில் ஆட்டத்துக்கு 20 புள்ளி எடுத்தவர் பெரிய லீக்கிலும் 20 எடுப்பார் என்று நினைப்பது தவறு. அங்கே அணியின் எறிதல்களில் மூன்றில் ஒன்று அவருடையது. இங்கே அது கிடைக்காது. பார்க்க வேண்டியவை வேறு: நின்ற இடத்தில் பாஸ் வாங்கி எறியும் மும்முனை எவ்வளவு விழுகிறது, பெரிய கல்லூரிகளோடு நவம்பர், டிசம்பரில் ஆடிய மூன்று நான்கு ஆட்டங்களில் என்ன செய்தார், பந்து இழப்பு எத்தனை, தன்னைவிட விரைவான கார்டை முன்னால் நிறுத்த முடிகிறதா.

படிப்படியாக ஏறி வந்தவர்கள் பெரும்பாலும் ஏமாற்றுவதில்லை. மேலே சொன்ன ஸ்பென்சர் மேரிலாந்தின் லொயோலாவில் தொடங்கி, ரட்கர்ஸில் ஓராண்டு ஆடி, பிறகு கனெக்டிகட் வந்தவர். 2025-இல் ஃப்ளோரிடா ஹூஸ்டனை 65-63 என வென்று கோப்பை எடுத்தபோது, முன்னணியில் ஆடிய வால்டர் கிளேட்டன் ஐயோனாவிலிருந்தும், வில் ரிச்சர்டு பெல்மான்டிலிருந்தும், அலைஜா மார்ட்டின் ஃப்ளோரிடா அட்லான்டிக்கிலிருந்தும் வந்தவர்கள். இவர்களில் கிளேட்டனும் ரிச்சர்டும் ஃப்ளோரிடாவுக்கு அதுவே முதல் பருவம் அல்ல என்பதையும் சேர்த்துக் கவனியுங்கள். வந்த முதல் ஆண்டிலேயே எல்லாம் கூடிவர வேண்டும் என்று எதிர்பார்ப்பது மூத்த வீரருக்கும் அநியாயம்.

ஒரே தூணில் கூரை போடுவது

2016-17 வாஷிங்டனில் மார்க்கெல் ஃபுல்ட்ஸ் இருந்தார்; அணி 9-22 (9 வெற்றி, 22 தோல்வி) என முடித்தது, அவர் டிராஃப்ட்டில் முதலாவதாகப் போனார். 2024-25 ரட்கர்ஸில் டிலன் ஹார்ப்பர், ஏஸ் பெய்லி இருவர். அணி 15-17, இருவரும் டிராஃப்ட்டில் இரண்டாவது, ஐந்தாவது இடம். பையன்கள் மேல் குறை இல்லை. சுற்றி நிற்க ஆள் சேர்க்கப்படவில்லை. 2013 பிப்ரவரியில் கென்டக்கியின் நெர்லன்ஸ் நோயலுக்கு முழங்கால் தசைநார் கிழிந்தது. அதன் பிறகு அந்த அணி தேசியப் போட்டிக்கே தகுதி பெறவில்லை. மாற்றுப் போட்டியான என்.ஐ.டி.யில் முதல் சுற்றிலேயே ராபர்ட் மாரிஸிடம் 59-57 எனத் தோற்றது. ஓராண்டு முன்புதான் கோப்பை வென்றிருந்தார்கள்!

பணமும் இப்படித்தான். 2025-26-இல் ஒரு கல்லூரி தன் எல்லா விளையாட்டுகளுக்கும் சேர்த்து நேரடியாகக் கொடுக்கக்கூடியது சுமார் 2.05 கோடி டாலர். பெரிய கல்லூரிகளில் அதில் பெரும்பங்கு அமெரிக்கக் கால்பந்துக்குப் போகும். மீதியில் நட்சத்திரத்துக்கு முதலில் எழுதிவிட்டு, எஞ்சியதை மற்றவர்களுக்குப் பிரிக்கும் வழக்கத்தை விடுங்கள். முதலில் திரும்பி வரும் பாயின்ட் கார்டு, அடுத்து சென்டர், அடுத்து எறியாளர். அவர்களுக்கு ஒதுக்கிய பிறகு மிஞ்சுவதில் எந்த நட்சத்திரம் அடங்குவாரோ அவரே உங்களுக்கு ஏற்றவர்.

நாட்காட்டிக்கு முன்னால் ஓடுவது

பள்ளி வீரர்கள் நவம்பர் நடுவில் கையெழுத்திடுகிறார்கள். உங்கள் அணியில் யார் தங்குகிறார்கள், யார் போகிறார்கள் என்பது ஏப்ரலில்தான் தெரியும். டிராஃப்ட்டுக்குப் பெயர் கொடுத்தவர் மே இறுதி வரை பின்வாங்கிக் கல்லூரிக்குத் திரும்பலாம். இந்த இடைவெளியை மறந்து நவம்பரிலேயே ஐந்து முதலாண்டுக்காரர்களை எடுத்துவிட்டால், ஏப்ரலில் நல்ல மூத்த சென்டர் கிடைக்கும்போது இடமும் பணமும் இருக்காது. நவம்பரில் இரண்டு, அதிகம் போனால் மூன்று. வசந்தகாலத்துக்கு நான்கு இடம். அதில் ஒன்றை ஜூன் முதல் வாரம் வரை யாருக்கும் கொடுக்காமல் வைத்திருங்கள்.

மூத்தவரிடம் சொல்லாமல் இடத்தை மாற்றுவது

டேரியஸ் மில்லர் 2010-11-இல் கென்டக்கியின் தொடக்க ஐவரில் ஆடியவர். அடுத்த ஆண்டு, சீனியராக, புதிய பையன்களுக்கு வழிவிட்டு ஆறாவது ஆளாக இறங்கினார். 38-2 என முடிந்த அந்தக் கோப்பை அணியை இணைத்துப் பிடித்தவர்களில் அவருக்குப் பெரிய பங்கு. இன்று போர்ட்டல் ஒரு மின்னஞ்சல் தூரத்தில் இருக்கும்போது, இப்படி ஒருவர் இருக்க வேண்டுமானால் நட்சத்திரம் கையெழுத்திடும் செய்தி வெளியாகும் முன்பே அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். நிமிடம் எவ்வளவு, கடைசி ஐந்து நிமிடத்தில் களத்தில் இருப்பாரா, எந்த ஆளைக் காப்பார் என்பதைத் தலைமைப் பயிற்சியாளரே எதிரே உட்கார்ந்து சொல்ல வேண்டும். உதவிப் பயிற்சியாளரை அனுப்பக் கூடாது. தொடங்குபவர்கள் யார் என்பதை விட முடிப்பவர்கள் யார் என்பதே வீரர்களுக்கு முக்கியம். சீனியருக்கு அந்த உறுதியைக் கொடுத்தால் தொடக்க இடத்தை விட்டுக்கொடுக்கப் பலரும் தயங்குவதில்லை.

பிப்ரவரியை நினைக்காமல் நவம்பரை ஆடுவது

பள்ளியில் பெரும்பாலான மாநிலங்களில் ஆட்டம் 32 நிமிடம், அதுவும் பெரும்பாலும் தன்னைவிடச் சிறியவர்களோடு. கல்லூரியில் 40 நிமிடம், 30-க்கு மேற்பட்ட ஆட்டம், இடையே விமானம், வகுப்பு. ஜனவரி கடைசியில் முதலாண்டுக்காரரின் கால் கனக்கத் தொடங்கும். முதலில் தெரிவது எறிதலில்: பந்து வளையத்தின் முன்பக்கத்தில் இடிக்கும். அடுத்து டிஃபென்ஸில் நிமிர்ந்து நிற்பார். இதைப் பார்த்ததும் பயிற்சியை இறுக்கினால் இன்னும் மோசமாகும்.

கோடையிலேயே தொடங்க வேண்டிய வேலை இது. விதிப்படி எட்டு வாரம், வாரத்துக்கு 8 மணி, அதில் களத்தில் 4 மணி கிடைக்கிறது. அந்தக் களநேரத்தில் புதிய தாக்குதல் திட்டங்களை அடுக்காமல், பால் ஸ்கிரீன் கூவல்களையும் உதவி டிஃபென்ஸின் கால் இடங்களையும் மட்டும் பழக்குங்கள். ஒவ்வொரு முதலாண்டுக்காரரையும் அதே இடத்தில் ஆடும் மூத்தவரோடு ஜோடி சேர்த்து, கூவலை முதலில் மூத்தவர் சொல்ல, இளையவர் திருப்பிச் சொல்ல வேண்டும். ஆகஸ்டுக்குள் இளையவர் முந்திச் சொல்லத் தொடங்குவார். பருவத்தில் வாரத்துக்கு 20 மணி அனுமதி உண்டு. பிப்ரவரியில் அதை முழுதும் பயன்படுத்தாதீர்கள். 32 நிமிடத்துக்கு மேல் ஆடியவருக்கு மறுநாள் களத்தில் ஓட்டம் வேண்டாம். ஃப்ரீ த்ரோவும் வீடியோவும் போதும். அன்றைய ஐந்துக்கு ஐந்து பயிற்சியில் அவர் இடத்தில் ஒன்பதாவது, பத்தாவது ஆட்களை இறக்குங்கள். மார்ச்சில் யாருக்காவது நான்காவது ஃபவுல் விழும்போது உள்ளே போக வேண்டியவர்கள் அவர்கள்தான்.